தங்கராஜ் அண்ணாச்சி உட்கார்ந்த ஒரு பிற்பகல்

தங்கராஜ் அண்ணாச்சியை நான் முதன்முதலில் பார்த்தது புனேக்குப் பக்கத்தில் ஆகுர்டியில், ஆதார் அட்டையில் முகவரி மாற்றும் வரிசையில். நான் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கம்பெனிச் சட்டையோடு நின்றவர் சட்டென்று திரும்பினார்.

"தமிழா? எந்த ஊரு தம்பி?"

"அருப்புக்கோட்டை பக்கம்ண்ணே."

"அப்பம் நம்ம ஆளுதான். நான் கோயில்பட்டி. என் எடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, இந்தா வாரேன்."

போனவர் வடாபாவ் தின்றுகொண்டே வந்தார். பாதி தின்பதற்குள் கவுன்டர்வரை போய், சர்வர் படுத்துவிட்டது என்ற சேதியோடு திரும்பினார். அப்புறம் தன் வண்டியை யாரோ நகர்த்துவதுபோல் இருக்கிறது என்று வெளியே ஓடினார். அவர் முறை வந்தபோது ஆள் இல்லை. பின்னால் நின்றவர்கள் "அரே, சலா சலா" என்று நெருக்க, நான் என் காகிதங்களை நீட்டிவிட்டேன். வேலை முடித்து வெளியே வந்தால், அண்ணாச்சி வாட்ச்மேனோடு மராத்தியில் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க முறை போயிருச்சே அண்ணாச்சி!"

"போனாப் போவுது. ஒரு எடத்துல நிக்க முடியலியே தம்பி, நான் என்ன செய்ய? இன்னொரு நாளு பாத்துக்கிடலாம்."

அவருடைய அட்டையில் இன்றைக்கும் பழைய முகவரிதான்.

எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரும் அவரே. அவர் குடியிருப்பது முதல் மாடி, எனக்குக் கிடைத்த ஒற்றை அறை அதற்கு நேர் மேலே. ஊரில் எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி நான், பி.இ. மெக்கானிக்கல். அப்பா, தாத்தா யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை என்பதால் இதை நான் எங்கேயும் கூச்சப்படாமல் சொல்வேன். படித்தது இயந்திரம், வேலை ஹிஞ்சேவாடியில் மென்பொருள். அண்ணாச்சி என்னை யாருக்கு அறிமுகம் செய்தாலும் "நம்ம எஞ்சினியரு" என்பார். அதில் பாதி கேலி, பாதி நிஜமான பெருமை.

அவர் ஐ.டி.ஐ. முடித்த கையோடு புனே வந்தவர். ஒரு வண்டித் தொழிற்சாலையின் டூல் ரூமில், தகடு அடிக்கும் அச்சுகளை, அவர் பாஷையில் 'டை'களை, பழுதுபார்க்கிற பிரிவில் சேர்ந்து, ஃபோர்மேன் ஆனார். வேலையிலும் நின்றபடியேதான் இருப்பாராம். வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். டிவியில் கிரிக்கெட் ஓடினால் சமையல்கட்டிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்பார். அவர் மனைவி லீலா அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏதாவது பேச வேண்டும் என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டாலே அண்ணாச்சிக்குப் பால் வாங்கும் ஞாபகம் வந்துவிடும். ஃபிரிட்ஜில் எப்போது பார்த்தாலும் பால் பாக்கெட்டுகள் குவிந்துகிடக்கும்.

அப்படிப்பட்டவர் உட்காருகிற ஒரே இடம் பவனா அணையின் நீர்க்கரை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அவருடன் வேலை பார்க்கும் கதம் என்பவரின் வேனில் தூண்டில் கம்போடு கிளம்பிவிடுவார். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். தக்கையைத் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்தவர், வெயில் ஏறி உச்சிக்கு வரும்வரை அசையவில்லை. கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட விரட்டவில்லை. இவர்தானா அவர் என்று நான் மீனை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மழைக்காலம் முடியும் தறுவாயில் அவருக்கு ஒரு சங்கடம் வரும். கதமின் வீட்டில் ச்ராவண மாதம் முழுக்க மீன், கறி கிடையாது. அது முடிந்ததும் கணபதி வீட்டுக்கு வந்துவிடுவார். லீலா அக்காவின் வீட்டாரோ அரக்கோணத்திலிருந்து வந்த பெருமாள் பக்தர்கள். அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயின் கோர்படி ரயில்வே காலனி என்றாலும், புரட்டாசி பிறந்துவிட்டால் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். மராத்திப் பஞ்சாங்கம் விட்ட இடத்தில் தமிழ்ப் பஞ்சாங்கம் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஞாயிறோ இரண்டோ தப்பிக் கிடைக்கும். போன வருடம் கணபதி கரைத்த மறுநாள் ஞாயிறுதான், ஆனால் கிரகணம் என்று அக்கா வெளியே விடவில்லை. மிஞ்சியது ஆவணியின் கடைசி ஞாயிறு ஒன்றுதான்.

அந்த ஒரு ஞாயிறை நம்பி ஒரு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. டூல் ரூமை மொத்தமாக ஓசூர்க் கிளைக்கு மாற்றுவதென்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. அச்சுகளோடு அண்ணாச்சியும் போகலாம்; இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். லீலா அக்கா எப்போது கேட்டாலும் அண்ணாச்சி ஒரே பதில் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம தண்ணிக்கரையில உக்காந்து யோசிச்சுட்டுச் சொல்லுதேன். அங்கதான் எனக்கு மண்ட வேல செய்யும்."

புதன்கிழமை மாலை கீழே 'டமால்' என்று ஒரு சத்தம். கூடவே லீலா அக்காவின் அலறல். இறங்கி ஓடினேன். ஹாலில் மின்விசிறி தள்ளாடிக்கொண்டு சுற்றியது. அண்ணாச்சி ஒரு கையில் போனும் மறு கையில் தூண்டில் கம்புமாக நின்றிருந்தார். கம்பின் மேல்பாதி ஒடிந்து, தூண்டில் நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏதோ போன் வந்திருக்கிறது. பேச்சு சூடுபிடிக்க, கம்பை வீசி வீசி நடந்தவர் அதை அப்படியே மின்விசிறிக்குள் விட்டுவிட்டார்.

"யாராச்சும் வீட்டுக்குள்ள மீன் பிடிப்பாங்களா?" என்றார் அக்கா. "கண்ணு போயிருந்தா?"

அவர்களுடைய மகள் ஸ்நேஹா கல்லூரியில் படிக்கிறாள். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுவாள். "அப்பா, ஃபேன்... என்ன... மீன் மாதிரி பைட் பண்ணிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது யார், என்ன என்று யாரும் கேட்பதற்குள் பால் வாங்கப் போய்விட்டார்.

புதுக் கம்பு வாங்கலாம் என்றுதான் நான் சொன்னேன். ஆன்லைனில் அடுத்த வாரம்தான் வரும் என்று காட்டியது. புனே கேம்ப் பகுதியில் அவர் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் கணபதி முடிந்து சொந்த ஊருக்குப் போயிருந்தார். கதம் தன்னிடமிருந்த இரண்டாவது கம்பைத் தருவதாகப் போனில் சொன்னார். "அடுத்தவன் பல் குச்சியில பல்லு வெளக்கச் சொல்லுதான் பாரு" என்று அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். வீட்டிலேயே ஒட்டிவிடுவது என்று முடிவானது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒடிந்த இரண்டு துண்டுகளும் உள்ளே குழாய்போலக் காலி. ஒரு பழைய கம்பின் நுனியை வெட்டி, உள்ளே செருகி, பசை போட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்தின்மேல் நைலான் நூலை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். அதன்மேல் இரண்டு புட்டிகளிலிருந்து சரிபாதி கலந்த ரெசினைப் பூசி, அது இறுகும்வரை கம்பை மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ரெசின் கீழ்ப்பக்கம் வழிந்து முடிச்சுக் கட்டிக்கொள்ளும். கம்பின் வளைவே கெட்டுவிடும்.

வியாழக்கிழமை உள்துண்டு ஒட்டியாயிற்று. காயும்வரை பொறுக்காமல் அண்ணாச்சி ஆட்டி ஆட்டிப் பார்த்ததில் அது ஒருமுறை கழன்று, மறுபடியும் ஒட்டினார். வெள்ளிக்கிழமை நூல் சுற்றி ரெசின் பூசினார். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது கம்பு ஹாலின் குறுக்கே கிடந்தது. அண்ணாச்சி அதைத் தொட்டுத் தொட்டு விரலை முகர்ந்துகொண்டிருந்தார்.

"பிசுபிசுங்கு. காயவே மாட்டேங்கு."

"சரிபாதியாக் கலந்தீங்களா அண்ணாச்சி?"

"சீக்கிரம் இறுகட்டும்னு ரெண்டாவது புட்டிய ஒரு கை கூடவே ஊத்துனேன்."

"அது கூடினா சீக்கிரம் இறுகாது. எப்பவுமே இறுகாது."

"அது எனக்குத் தெரியாதாடே? ரெண்டாயிரம் டை பாத்தவன் நான். தெரியும். பொறுமதான் இல்ல."

ஸ்நேஹா புட்டியின் அட்டையில் இருந்ததைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அதில் முதல் வரியே அவசரப்படாதீர்கள் என்பதுதான். அண்ணாச்சி அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். பூசியதையெல்லாம் சுரண்டி, நூலைப் பிரித்து, மறுபடியும் சுற்றினார். சமையல்கட்டில் பாத்திரங்கள் சற்று அதிகமாகச் சத்தம் போட்டன.

சனிக்கிழமை மதியம் கடைசி வாய்ப்பு. அன்று பூசினால்தான் மறுநாள் காலை கம்பு தண்ணீருக்குப் போகும். இரண்டு செருப்புப் பெட்டிகளில் பள்ளம் வெட்டிக் கம்பை அதன்மேல் கிடத்தி, அண்ணாச்சி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இந்த முறை ரெசினைக் கலந்தது லீலா அக்கா. கணக்கு டீச்சர் கலந்தால் அளவு தப்பாது. தூரிகையால் பூசி முடித்ததும் அண்ணாச்சி கம்பின் அடியைப் பிடித்து மெல்ல உருட்டத் தொடங்கினார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"அண்ணாச்சி, பழைய மைக்ரோவேவ்ல தட்டச் சுத்துற மோட்டார் ஒண்ணு என் அறையில கெடக்கு. மாட்டிவிட்டா அதுவே சுத்தும். நீங்க உக்காரவே வேண்டாம்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "எஞ்சினியரு எஞ்சினியருதாம்டே! போய் எடுத்துட்டு வா, ஓடு!"

நான் எழுவதற்குள் லீலா அக்கா என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"மோட்டார் நக்கோ, வேணாம் சபரி. உக்காரு."

"ஏன்க்கா? நல்லாச் சுத்தும்."

"நல்லாச் சுத்தும்னு தெரியும். அதனாலதான் வேணாங்கறேன்."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து அண்ணாச்சிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலிச் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி அனிச்சையாக வாசலைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கம்பைப் பார்த்தார். ரெசின் பளபளவென்று ஈரமாக நின்றது.

"பால் இருக்கா லீலா?" என்றார் பலவீனமாக.

"பால் இருக்கு. தயிரா ஆக்கற அளவுக்கு இருக்கு. சுத்துங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மெல்ல எழுந்தேன். "நான் மேல போறேன்க்கா."

"நீ இரு. வெளியாள் ஒருத்தர் இருந்தா இவர் சத்தம் போடமாட்டார்."

அக்கா சேலைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்க. ஓசூர் போறீங்களா, இல்லையா?"

"நாளைக்குத் தண்ணிக்கரையில..."

"தண்ணிக்கரையில கெண்டை மீன் கிட்டயா கேக்கப் போறீங்க? என்கிட்ட கேளுங்க. நான் இங்க இருக்கேன்."

அண்ணாச்சி இரண்டு சுற்று உருட்டினார். நெற்றியில் வியர்த்திருந்தது. மின்விசிறியைப் போட்டால் தூசி ஒட்டும் என்று அவரே அணைத்து வைத்திருந்தார்.

"புதன்கெழமையே சொல்லிட்டேன்," என்றார் கம்பைப் பார்த்தபடி.

"என்ன சொன்னீங்க?"

"குடும்பத்தோட வாரேன்னு. குவார்ட்டர்ஸுக்கும் எழுதிக்கச் சொல்லிட்டேன். அந்தப் போன்லதான் கம்பு ஒடஞ்சிது."

ஸ்நேஹா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் குனிந்து ரெசினைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா சுத்துங்க, தெறிக்குது," என்றார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா வேண்டாம்ப. வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்ன செய்ய? மெஷினெல்லாம் லாரில ஏறிட்டு. நான் தொட்டுத் தொட்டு உருவாக்குன டை அத்தனையும் அங்க போவுது. நான் இங்க உக்காந்து... உக்காந்து என்ன செய்ய? என்னால உக்கார முடியுமா, நீயே சொல்லு."

"இப்ப உக்காந்திருக்கீங்களே."

"கட்டிப் போட்டிருக்க!"

"சரி. நானும் ஒண்ணு சொல்லணும்." அக்காவின் குரல் இறங்கியது. "வர்ற ஜூன்லேர்ந்து நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். கணபதி லீவுல மேனேஜ்மென்ட் கூப்பிட்டுக் கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

அண்ணாச்சியின் கை நின்றுவிட்டது.

"நீயும் என்னக் கேக்காமத்தான் சொல்லியிருக்க?"

"கேக்கறதுக்கு நீங்க எங்க உக்காந்தீங்க? சொல்ல வந்தேன், பால் வாங்கப் போனீங்க. மறுநாள் வந்தேன், வண்டிக்குக் காத்து அடிக்கப் போனீங்க. ஒரு ராத்திரி படுத்தப்புறம் ஆரம்பிச்சேன், மொட்ட மாடி டேங்க் வழியுதுன்னு எந்திரிச்சுப் போனீங்க. தண்ணியே வராத நாள் அது!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்பா! ரொட்டேட்! ரொட்டேட்!" ஸ்நேஹா கத்தினாள். அண்ணாச்சி திடுக்கிட்டு உருட்டினார். அதற்குள் ரெசின் ஒரு பக்கமாக இறங்கி, நூல் சுற்றின் கீழே நெல்லிக்காய்போலத் திரண்டிருந்தது. விரலால் ஒதுக்கப் போனவரை அக்கா தடுத்தார். தொட்டால் இன்னும் மோசமாகும்.

"அப்பம் நீ வரமாட்ட," என்றார் அண்ணாச்சி.

"மாட்டேன். உங்களுக்கு இது பொழைக்க வந்த ஊரு. எனக்கு அப்படியில்ல. கோர்படி கேட் மூடினா எந்த வண்டி போகுதுன்னு சத்தத்துலயே சொல்வேன். அரக்கோணம் எனக்குக் கல்யாணத்துக்குப் போற ஊரு, அவ்வளவுதான். ஓசூர்ல நான் யாரு? டீச்சர் வேலைகூட முதல்லேர்ந்து தேடணும். இங்க ஒரு பள்ளிக்கூடத்தையே என் கையில குடுக்கறாங்க. என்னால விட முடியாது."

"என்னாலயும் விட முடியாதுல்லா!"

"விடுங்கன்னு நான் சொன்னேனா?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அண்ணாச்சி இந்நேரம் பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்திருப்பார்.

ஸ்நேஹா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா மட்டும்... போகலாம் நா? லீவுக்கு வரலாம். நாங்களும் வருவோம். பஸ் இருக்கு."

"இவ பெரிய ரயில்வே மந்திரி. டைம் டேபிள் போட வந்துட்டா," என்றார் அண்ணாச்சி. ஆனால் குரலில் வழக்கமான எகத்தாளம் இல்லை. லீலா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "ஒத்தைல இருந்துக்கிடுவியா?"

"நீங்க இருந்துக்குவீங்களா? அதைச் சொல்லுங்க. சாதம் வடிக்கற வரைக்கும் அடுப்புகிட்ட நிக்கத் தெரியுமா?"

"நின்னுக்கிட்டே வேணா வடிப்பேன். உக்காரத்தான் வராது."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அண்ணாச்சி மகளிடம் சட்டைப் பையைக் காட்டினார். "போன எடுட்டீ. கடைசியா வந்த ஓசூர் நம்பரப் போடு. என் காதுல வையி."

ஸ்நேஹா போனைப் பிடித்துக்கொள்ள, அவர் கம்பை உருட்டிக்கொண்டே பேசினார். "சார், தங்கராஜ். ஆமா, அதேதான்... இல்ல சார், குவார்ட்டர்ஸ் வேண்டாம். குடும்பம் வரல. நான் ஒத்த ஆளுதான்... பேச்சலர் ரூம் போதும்... இல்ல சார், சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டம்மா இங்க ஹெட்மிஸ்ட்ரஸ்."

கடைசி வார்த்தையை அவர் சற்று உரக்கவே சொன்னார். என்னை 'எஞ்சினியரு' என்று அறிமுகப்படுத்தும்போது வரும் அதே குரல்.

போன் வைத்ததும் அக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து கம்பை வாங்கிக்கொண்டார். "குடுங்க, மிச்சத்தை நான் சுத்தறேன். நீங்க எந்திரிச்சு எங்க போகணுமோ போங்க."

அண்ணாச்சி எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். பால்கனிக் கதவைத் திறந்தார், மூடினார். பிறகு கம்பின் மறுமுனைக்கு வந்து உட்கார்ந்து, நுனி தரையில் படாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். நான் சொல்லிக்கொள்ளாமலே மாடிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பவனாவுக்குப் போனார்கள். அந்த முறை கதமின் வேனில் லீலா அக்காவும் போனார். கம்பு தாங்கியது, வீசும்போது மட்டும் முடிச்சுக் கட்டிய பக்கமாகக் கொஞ்சம் இழுத்ததாம். மாலையில் எனக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு வந்தது. அதற்கடுத்த புதன்கிழமை புரட்டாசி பிறந்தது.

தீபாவளி முடிந்து அண்ணாச்சி கிளம்பினார். தங்கராஜ் அண்ணாச்சி இப்போது ஓசூரில் இருக்கிறார். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபோர்மேனோடு ஓர் அறையில் தங்கி, அதே அச்சுகளைப் பார்க்கிறார். விடுமுறை சேர்ந்து வரும்போது பெங்களூரு வழியாகப் பஸ் பிடித்து ஆகுர்டிக்கு வருகிறார். லீலா அக்கா ஜூன் மாதம் தலைமை ஆசிரியை ஆனார். அவரும் ஸ்நேஹாவும் அதே முதல் மாடியில்தான் இருக்கிறார்கள்.